ஜீனோம் ரிப்போர்ட்: படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஜீனோம் பரிசோதனையின் ரிப்போர்ட் சில பக்கங்களில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பது 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள். யாருடைய டிஎன்ஏவை எடுத்துப் பொது மாதிரியோடு ஒப்பிட்டாலும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். அத்தனையிலும் நோய்க்குக் காரணம் ஒன்றோ இரண்டோதான். சில சமயம் அதுவும் கிடைக்காது. எழுத்துகளைப் படிக்கும் வேலையை இயந்திரம் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறது. படித்ததற்கு அர்த்தம் சொல்லும் இடத்தில்தான் சறுக்கல் அதிகம்.

அடிக்கடி வலிப்பு வரும் ஒரு கைக்குழந்தையின் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. ஜீன்: எஸ்சிஎன்1ஏ. நிலை: ஹெட்டரோசைகஸ், அதாவது அம்மா, அப்பா தந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம். வகை: வியுஎஸ். கடைசிக் கட்டத்தில் இருக்கும் அந்த மூன்றெழுத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'ஜீன்ல மாற்றம் இருக்காம்' என்ற பாதிச் செய்தி மட்டும் வீடு வந்து சேர்கிறது.

ஏசிஎம்ஜி என்ற அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மாற்றங்களை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு கோடியில் நோய் தருவது, மறுகோடியில் தீங்கற்றது. இரண்டுக்கும் பக்கத்தில் 'அநேகமாக' சேர்ந்த இரண்டு படிகள். நட்டநடுவில் வியுஎஸ். எந்தப் பக்கமும் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அதற்குப் பொருளே தவிர, 'கொஞ்சம் நோய் இருக்கிறது' என்பதல்ல. பிற்பாடு ஆதாரம் சேர்ந்து படி மாறும் வியுஎஸ்களில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கமே போகின்றன. மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ ஜீனில் ஒரு வியுஎஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றும் முடிவுக்குப் போகக் கூடாது.

குழந்தையின் ரத்தத்தை மட்டும் அனுப்புவது அடுத்த தவறு. மேலே சொன்ன எஸ்சிஎன்1ஏ மாற்றம், வலிப்பே வராத அப்பாவுக்கும் இருந்தால் அதன் மேலுள்ள சந்தேகம் பெரும்பாலும் தளரும். அம்மா, அப்பா இருவருக்குமே இல்லாமல் குழந்தையிடம் புதிதாக முளைத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களிலும் இதே கதைதான். ஒரே ஜீனில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தால் போதாது. இரண்டும் ஒரே பிரதியில் உட்கார்ந்திருந்தால் மற்றது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வந்ததா என்று பார்த்தால்தான் விஷயம் தெளியும். பெற்றோரைப் பரிசோதிப்பது இதற்குத்தான், 'யார் வழியில் வந்தது' என்று பழி போட அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கின்றன. அது யாருடைய குற்றமும் இல்லை.

'நோய் தருவது' என்ற முத்திரையும் கல்வெட்டு இல்லை. இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய்க்குக் காரணம் என்று சொல்லப்பட்ட சில மாற்றங்கள் கறுப்பின அமெரிக்கர்களிடம் சர்வசாதாரணமாக இருப்பவை, தீங்கற்றவை என்று 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அது தெரிவதற்குள் சிலருக்கு இல்லாத நோயின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆரோக்கியமானவர்கள் கூட்டத்தில் கறுப்பினத்தவர் சிலரைச் சேர்த்திருந்தாலே இது நடந்திருக்காது. உலகின் ஜீனோம் தரவுகளில் இன்றும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் அதிகம். அதனால் மற்றவர்களின் ரிப்போர்ட்டில் வியுஎஸ் கூடுதலாக வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால் 'அப்பாடா, பரம்பரை நோய் இல்லை' என்று நிம்மதியடைவது எதிர்ப்பக்கத் தவறு. பிரிட்டனின் ஒரு லட்சம் ஜீனோம் திட்டத்தின் முன்னோட்ட ஆய்வில், அரிய நோய் உள்ளவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான் காரணம் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவர்கள் நோயோடுதான் வந்தார்கள், விடையில்லாமல் திரும்பினார்கள். என்ன பரிசோதனை செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். எக்ஸோம் என்றால் புரதம் செய்யக் குறிப்பு தரும் பகுதி மட்டும். மொத்த ஜீனோமில் அது 2 சதவீதம்கூட வராது. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் நோயில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். துண்டு துண்டாகப் படித்து ஒட்டும் வழக்கமான முறை அதைக் கோட்டைவிட்டுவிடலாம். தனிப் பரிசோதனை தேவை. எச்சில் அனுப்பி வீட்டிலிருந்தே செய்துகொள்ளும் கிட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த பிஆர்சிஏ கிட் பார்த்தது மூன்றே மாற்றங்களை. அந்த ஜீன்களில் தெரிந்த மாற்றங்களோ ஆயிரத்துக்கு மேல்.

'காரணம் தெரிந்து என்ன செய்யப் போகிறோம், மருந்தா இருக்கிறது?' என்று பரிசோதனையையே தள்ளிப்போடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்பேன். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் அது வழக்கமான டைப் 1 ஆக இருப்பது அபூர்வம். அப்படிப்பட்ட குழந்தைகளில் கணிசமானோருக்கு கேசிஎன்ஜே11 என்ற ஜீனில் மாற்றம் இருப்பது 2004-ல் தெரியவந்தது. கணையத்தில் இன்சுலின் இருக்கிறது, வெளியே விடும் கதவுதான் திறக்கவில்லை. பழைய, மலிவான சல்போனைல்யூரியா மாத்திரை அந்தக் கதவைத் திறந்துவிடும். 2006-ல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள். (டாக்டரைக் கேட்காமல் யாரும் ஊசியை நிறுத்தக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.) எந்த மருந்து கூடாது என்று தெரிவதும் லாபம்தான். எஸ்சிஎன்1ஏ கோளாறால் வரும் டிராவெட் வலிப்புக்கு கார்பமாசிபைன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் வலிப்பு கூடிவிடலாம்.

ஜீன் பெயர் தெரிந்துவிட்டால் மருந்து தயார் என்று நினைப்பதும் சரியில்லை. நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு 2012-ல் வந்த இவாகாஃப்டர் மருந்து, முதலில் ஜி551டி என்ற ஒரே மாற்றம் உள்ளவர்களுக்குத்தான் அனுமதிக்கப்பட்டது. அவர்கள் நோயாளிகளில் நூற்றுக்கு நாலைந்து பேர். 2025-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், புரதம் சாப்பிட்டால் ரத்தத்தில் அம்மோனியா ஏறும் பரம்பரை நோயுள்ள ஒரு குழந்தைக்கென்றே ஜீன் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் செய்து கொடுத்தார்கள். மூன்று டோஸுக்குப் பிறகு குழந்தையால் கூடுதல் புரதம் சாப்பிட முடிந்தது, வழக்கமாகக் கொடுத்துவந்த மருந்தின் அளவு குறைந்தது. மருத்துவர்கள் அதைக் குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. எஸ்எம்ஏ என்ற தசை நலிவு நோய்க்கு மருந்துகள் உண்டு, ஆனால் செத்துப்போன நரம்பு செல்லை அவை மீட்டுத் தராது. அங்கே ரிப்போர்ட் ஒரு மாதம் தள்ளி வந்தாலும் இழப்புதான்.

பிடிஎஃப் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். விசிஎஃப், ஃபாஸ்ட்க்யூ என்ற மூலத் தரவு கோப்புகளையும் லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே கோப்பை மறுபடி அலசச் சொல்லலாம், புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. இன்று வியுஎஸ் என்று வந்திருக்கும் அந்த எஸ்சிஎன்1ஏ வரி, அடுத்த அலசலில் வேறு படியில் வரக்கூடும்.