பாப் பாடகிகளின் அழகைப் பற்றிப் பெண் பிள்ளைகளிடம் பேசுவது எப்படி

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ மாலை நேர டியூஷன் நடத்துகிறவர்களுக்காகவும், பதின்மூன்று வயதைக் கடந்த மகளோ தங்கையோ வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பிள்ளையின் பென்சில் பெட்டிக்குள் கொரியப் பாடகியின் போட்டோகார்டைக் கண்டதும், "இவங்கள மாதிரி வெள்ளையா ஆகணும்னு ஆசையா?" என்று கேட்டுவிடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். "நிறம் முக்கியமில்ல மிஸ், மனசுதான் முக்கியம்" என்று என் டியூஷன் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒப்பித்தார்கள். அது பரீட்சைத் தாளில் எழுதுகிற பதில். அந்தக் கேள்வியை அன்றே கைவிட்டேன்.

ஏறத்தாழ ஒரே வயதுடைய ஆறு முதல் எட்டுப் பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பின் மொட்டை மாடி போதும். அம்மாக்களும் அண்ணன்களும் அங்கே இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முதல் கேள்வி "உன் பயஸ் யார்?" என்பதாக இருக்கட்டும். ஒரு குழுவில் தனக்கு மிகவும் பிடித்தவரை ரசிகைகள் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். 2016-இல் அறிமுகமான பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் நால்வர். ஆனால் காரணம் கேட்டால், ஒருத்தி லிசாவின் ஆட்டத்தையும் இன்னொருத்தி ரோசேயின் குரலையும் மூன்றாமவள் ஜென்னி உடுத்தும் விதத்தையும் சொல்வதைக் கேட்கலாம். முகத்தை முதலில் சொல்கிறவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. சொல்கிறவர்களும் "விஷுவல்" என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். தோற்றத்துக்காக முன்னிறுத்தப்படும் உறுப்பினருக்குக் கொரிய இசைத் துறையில் வழங்கும் பெயர் அது. அதாவது, அழகு அங்கே ஒருவருக்கு ஒதுக்கப்படும் வேலை என்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்து, அவர்கள் வாயில் வரும் சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். க்யூட், கெத்து, செம, கிளாஸ் ஸ்கின் (கண்ணாடிபோல் பளபளக்கும் சருமம்) எனப் பட்டியல் நீளும். இதில் அவசரப்படாதீர்கள், ஏனெனில் பேச்சின் சாரம் முழுவதும் க்யூட்டுக்கும் கெத்துக்கும் நடுவில்தான் கிடக்கிறது. ஒரே பாடகி ஒரு பாட்டில் கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கிறாள், அடுத்த பாட்டில் கேமராவை முறைத்தபடி நடந்து வருகிறாள். இரண்டில் எது பிடிக்கும், எதைத் தானே செய்து பார்க்க ஆசை, எதைத் தெருவில் செய்தால் திட்டு விழும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வராது. பின்பு, தங்கள் தெருவில் கெத்தான பெண் யார் என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில், காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து வந்து விற்கும் ஒரு ஆயாவின் பெயரை இருவர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவரை அழகு என்று சொல்வீர்களா என்றதற்கு நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அந்த அமைதியை நீங்கள் நிரப்பிவிடக் கூடாது. நானோ நிரப்பிவிட்டேன், இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

இதன் பிறகு பாட்டைப் போடலாம். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள்: வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, உடை எத்தனை முறை மாறுகிறது, தலைமுடி எத்தனை நிறம் என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு, அதே பாட்டுக்கான நடனப் பயிற்சிப் படத்தைப் போடுங்கள். பல கொரியக் குழுக்கள் இப்படிப்பட்ட படங்களைத் தாங்களே வெளியிடுகின்றன. சாதாரண உடை, அசையாத ஒரே கேமரா, வியர்வை. எந்தப் படத்தில் அவள் அழகு என்று நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை, அவர்களே வாதாடத் தொடங்குவார்கள்.

அந்த வாதத்தில் பயன்படச் சில செய்திகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொரியாவின் மாமாமூ குழுவைச் சேர்ந்த ஹ்வாசா, பயிற்சிக் காலத்தில் தன்னைக் குண்டு என்றும் அழகில்லை என்றும் மற்றவர்கள் சொன்னதை வெளிப்படையாகப் பகிர்ந்தவர். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், தன்னைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஆவணப்படத்தில், தன் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடந்த காலத்தைப் பற்றிப் பேசினார். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த லாரா ராஜ், 2024-இல் அறிமுகமான கேட்ஸ்ஐ என்ற பெண்கள் பாப் குழுவில் பொட்டு வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறார். இராயபுரத்திலிருந்து வந்த கானா பாடகி இசைவாணி, பிபிசியின் 2020-ஆம் ஆண்டுக்கான நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களின் பாட்டாகவே கருதப்பட்ட கானாவை அவர் பாடும் மேடைப் படத்தைக் கொரியப் பாட்டுக்கு அடுத்ததாகவே போட்டு, அதே கரும்பலகைச் சொற்களால் விவரிக்கச் சொல்லுங்கள். "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று நீங்கள் முந்திக்கொண்டால் காரியம் கெட்டுவிடும்.

கைப்பேசிப் பயிற்சி எளிது. ஒரே முகத்தை மாலை ஐந்து மணி வெயிலிலும், டியூப் லைட்டின் கீழும், பியூட்டி மோடுடனும் படம் எடுத்து மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் கண்டிப்பாகப் பேச வேண்டிய இடம் முகக் கிரீம். 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் தன் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. சிவப்பாக்கும் கிரீம்கள் கடைகளிலிருந்து நீங்கவில்லை. தயாரிப்பாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாத டப்பாவை வாங்கக் கூடாது. பாதரசம் கலந்த கிரீம்களின் மீது மெர்க்குரி அல்லது கலோமெல் என்ற பெயர் இருக்கலாம். தங்கம், வெள்ளி நகைகளில் படக் கூடாது என்ற எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் சில வாரங்களில் நிறத்தை வெளுக்கச் செய்வது உண்மையே. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிவதும், பருக்கள் கிளம்புவதும், தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து முகத்தில் முடி வளர்வதும் அதே அளவு உண்மை. ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பாடகியின் டயட் என்று சொல்லிக் காலை உணவை விடுவது, சாப்பிட்டதும் வாந்தி எடுப்பது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை தெரிந்தால் கூட்டத்தில் பேசாதீர்கள். தனியே கேளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற அரசின் டெலி மனஸ் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே. கருப்பி, குண்டம்மா என்று செல்லமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். ஒரு வாரம் அந்தச் சொற்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவு எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் பாட்டைத் தேர்ந்தெடுப்பது யாருடைய முறை என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள், ஏனென்றால் சண்டை அதில்தான் வரும்.