வீட்டில் குடிப்பவரிடம் 'இன்றோடு நிறுத்து' என்று சொல்லும் முன்

ராத்திரி பெரிய சண்டை, காலையில் சாமி படத்தின் முன்னால் சத்தியம், மிச்ச பாட்டிலெல்லாம் குப்பைக் குழாய்க்குள் போயாச்சு, இனி ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. எங்கள் மாமா அப்படித்தான் நிறுத்தினார். இரண்டாம் நாள் சாயங்காலம் வலிப்பு வந்து சமையலறையில் விழுந்தார். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம்.

வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளை, மது தரும் மந்தத்தைச் சமாளிக்க எந்நேரமும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகியிருக்கும். மதுவை ஒரே நாளில் பறித்தால் அந்த வேகம் அடங்காது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமில்லாமை தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அப்புறம் நான்காம் நாள் வரைகூட ஆபத்து உண்டு, ஆள் குழம்பிப்போய், சுவரில் இல்லாத பூச்சியைக் காட்டி, காய்ச்சலில் கிடப்பார், அது உயிரையே வாங்கிவிடும். வலிப்போ குழப்பமோ தெரிந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசிக்காமல் உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.

அதனால் முதலில் ஆளைக் கவனியுங்கள். காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு வாய் தேவைப்படுகிறதா? இரவு 10.30க்குமேல் கடையில் வாங்க முடியாது என்பதற்காக முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைக்கிறாரா? முன்பு வலிப்பு வந்ததுண்டா? ஆம் என்றால் வீட்டிலேயே நிறுத்தும் முயற்சி வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் வரை கொஞ்சம் குடிக்க விடுவது மனதுக்குக் கசக்கும், ஆனால் அதுதான் பாதுகாப்பு, அதுவே சாக்காகி நாள் தள்ளிப்போகவும் கூடாது.

பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கிருந்து கடிதம் வாங்கிப் போனால் மனநலக் கழகத்தில் சலுகைக் கட்டணம். கழகத்தின் போதைப்பழக்க உதவி எண் 6732 6837. எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், மருந்தின் அளவு அதை வைத்துத்தான். போலிசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். மருத்துவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தகவல் தர வேண்டிய சட்டம் போதைப்பொருளுக்கு, மதுவுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று விற்கும் பொடி. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது விஷயம் தெரிந்து சம்மதித்தவருக்கு மட்டும். தெரியாமல் தின்றுவிட்டு வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும், இதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.