வெட்ட வெட்டத் துளிர்க்கும் களை: எங்கே தவறு செய்கிறோம்?

களை என்றதும் முதலில் கை போவது அரிவாளுக்கோ மண்வெட்டிக்கோ மருந்து டப்பாவுக்கோதான். அந்தச் செடி எது, விதையால் பரவுகிறதா கிழங்கால் பரவுகிறதா, ஒரே பருவத்தில் காய்ந்துபோகுமா பல வருடம் நிலைத்து நிற்குமா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் குறைவு. களை எடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன, ஏனென்றால் ஒரு செடியைக் கொல்லும் அதே முறை இன்னொரு செடியைப் பெருக்கிவிடும். பூக்காத பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினால் அந்தச் செடி முடிந்தது. கோரையை அதே மாதிரி பிடுங்கினால் மேலே இருக்கும் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், கொஞ்ச நாளில் பழையபடி பச்சையாக நிற்கும்.

சரி, வெட்டினால் ஏன் அடர்ந்து வளர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். செடியின் நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும் வரை, இலைக் கோணங்களில் இருக்கும் பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கிவிடுகிறது, ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கைந்து கிளம்புகின்றன. பூச்செடி புதராக வர நுனியைக் கிள்ளிவிடுகிறோமே, அதே வேலையைத்தான் களைக்கும் செய்துவிடுகிறோம். உண்ணிச்செடியை இடுப்பளவில் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும், சீமைக் கருவேலத்தைத் தரை மட்டத்தில் அறுத்துவிட்டுப் போவதும் இந்தத் தவறுதான். சீமைக் கருவேலத்தின் அடிப்பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே வரை, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன, அந்த அடிக்கட்டையோடு தோண்டி எடுக்காவிட்டால் ஒற்றை மரம் பல தண்டுப் புதராக மாறிவிடும், அதற்கு அப்புறம் அதை எடுப்பது முன்பைவிடப் பல மடங்கு சிரமம்.

வெட்டுவதே கூடாது என்று சொல்ல வரவில்லை. பல வருடம் வாழும் களையை வெட்டியும் ஒழிக்கலாம், ஆனால் எப்போது மறுபடி வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே இருப்பதை வெட்டியதும் செடி கிழங்கிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் புதுத் துளிர் விடுகிறது. இளம் இலைகள் தாமே ஒளிச்சேர்க்கை செய்து மிச்சப்படுத்தத் தொடங்கும் வரை கையிருப்பு குறைந்துகொண்டே போகும், சில இலைகள் விரிந்து முதிர்ந்தபின் கணக்கு தலைகீழாகி மறுபடி கீழே சேமிப்பு போகத் தொடங்கும். அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால் மறுபடி வெட்ட வேண்டும், அப்புறம் மறுபடி, அப்புறம் மறுபடி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெட்டுவதால் களைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இடையில் அது தேவைக்கு மேலேயே சேர்த்து வைத்திருக்கும். ஒரே நாளில் மொத்த நிலத்தையும் வெட்டிவிட்டுக் களைத்துப்போவதைவிட, தொடர்ந்து கவனிக்க முடிகிற அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விடாமல் பார்ப்பது எவ்வளவோ மேல்.

கோரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உலகின் மிக மோசமான களைகளின் பட்டியல் எதை எடுத்தாலும் அது இருக்கும். மண்ணுக்குள் ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போகும். அந்தத் தொடர் அறுபடாமல் இருக்கும்வரை முனையில் இருக்கும் கிழங்கு மற்றவற்றின் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். மண்வெட்டியால் ஒரு முறை கொத்திவிட்டு விட்டால் தொடர் அறுந்து, தூங்கிக் கிடந்த கிழங்குகள் எல்லாம் தனித்தனியாக முளைக்கின்றன, முன்பு இருந்ததைவிட அதிகமாக! கருப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் ஏமாறுவார்கள், கோரையின் கூரிய முளை சாதாரண பிளாஸ்டிக் தாளைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, நிழல் அதற்கு ஆகாது, அடர்ந்து வளரும் பயிரின் கீழே அது நலிந்துபோகும். இன்னொன்று, கிழங்கு காய்ந்தால் செத்துவிடும், அதனால் மழையே இல்லாத கடும் வெயில் காலத்தில் மண்ணைப் புரட்டிக் கிழங்குகளை மேலே கொண்டுவந்து நன்றாகக் காய விட்டால் பலன் உண்டு. ஈர மண்ணில் அதே வேலையைச் செய்தால் நாமே கிழங்கு நட்ட மாதிரி.

இதே காரணத்தால்தான் அருகம்புல்லும் நிலத்தடித் தண்டுள்ள மற்றக் களைகளும் இருக்கும் இடத்தில் சுழல் கலப்பை ஓட்டுவதை நான் எதிர்க்கிறேன். அருகம்புல்லின் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடிக்கான மொட்டை வைத்திருக்கிறது, கலப்பை அதைத் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க இறைத்துவிடுகிறது. பிரிட்டனில் பரவிய ஜப்பானிய நாட்வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது, அங்கே இருப்பது அனைத்தும் ஒரே பெண் செடியின் நகல்கள், நிலத்தடித் தண்டின் சிறு துண்டுகள் மண்ணோடு இடம் மாறியே நாடு முழுவதும் பரவியது. பூவும் விதையும் இல்லாவிட்டால் பரவாது என்று நம்பி அலட்சியமாக இருப்பது பெரிய தவறு. நீரில் மிதக்கும் சால்வீனியா மொலஸ்டா என்ற பெரணிக்கு வளமான வித்துக்களே கிடையாது, அது முழு மலடு, ஆனாலும் உடைந்த துண்டுகளை வைத்தே பல நாடுகளின் ஏரிகளை மூடியிருக்கிறது.

விதையால் பரவும் களைகளில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. பூத்த பிறகு பிடுங்குகிறோம், பிடுங்கியதை வரப்போரத்திலேயே போட்டுவிட்டுப் போகிறோம். பல செடிகளில் மகரந்தச் சேர்க்கை முடிந்து கரு உருவாகிவிட்டால், வேரறுந்த பிறகும் தண்டில் இருக்கும் நீரையும் உணவையும் வைத்தே விதைகள் முற்றிவிடும். பருப்புக்கீரை இனத்துக் களைகள் இன்னும் ஒரு படி மேலே, சதைப்பிடிப்பான தண்டு ஈர மண்ணில் கிடந்தாலே வேர்விட்டு எழுந்துவிடும். பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதம் தாண்டியதுமே பூக்கத் தொடங்கலாம், நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கும் அதிகமான விதைகளைக் கொட்டும். அதனால் சின்னச் செடியாக, இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும் நிலையிலேயே எடுத்துவிட வேண்டும், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், தோல் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் வர வைக்கும் செடி அது. பூத்துவிட்டதா, பூவோடு சேர்த்துப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மட்குக் குழியில் போட்டால் விதை அழிந்துவிடும் என்பதும் பாதிதான் உண்மை. குவியலின் உள்ளே 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, அது பல நாள் நீடித்தால் பெரும்பாலான களை விதைகள் சாகும். ஓரங்கள் சூடேறாது, அதனால் குவியலைப் புரட்டிப் போட்டு வெளியே இருப்பதை உள்ளே தள்ள வேண்டும். சும்மா குவித்து வைத்து ஆறப்போட்ட மட்கு, உரத்தோடு களை விதையையும் சேர்த்து வயலுக்குக் கொண்டுபோகும். மட்காத சாணத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சீமைக் கருவேல நெற்றுகளை ஆடுமாடு தின்றால் கடினமான விதைகளில் பல செரிக்காமல் வெளியே வரும், அதுவும் முன்பைவிட எளிதாக முளைக்கும் நிலையில்.

மண்ணில் ஏற்கெனவே விழுந்துவிட்ட விதைகளைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் களை விதைகளை மணலோடு 20 பாட்டில்களில் அடைத்துப் புதைத்தார், அவருக்குப் பின் வந்தவர்கள் பல வருடங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலை எடுத்து முளைக்க வைத்துப் பார்த்து வருகிறார்கள். 2021இல் எடுத்த பாட்டிலில், 142 வருடம் கழித்தும், வெர்பாஸ்கம் இனத்து விதைகள் முளைத்தன! எல்லாக் களையும் அப்படி இல்லை, பல விதைகள் சில வருடங்களில் கெட்டுப்போகும், ஆனால் இந்த வருடம் சுத்தமாக இருக்கிறது என்று அடுத்த வருடம் கவனிக்காமல் விடுவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து புரியும். ஒரே ஒரு பருவம் பூத்து உதிர விட்டால் பல வருட உழைப்பு வீண்.

புதைந்த விதை எப்போது எழுந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன விதைகளில் உணவுக் கையிருப்பு மிகக் குறைவு, ஆழத்திலிருந்து முளைத்தால் வெளிச்சத்தை எட்டுமுன் செத்துவிடும். அதனால் அவற்றில் பல வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், விதைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்து உறக்கத்தைக் கலைக்கிறது. உழும்போது மண் புரள்கையில் படும் ஒரு நொடி வெளிச்சமே சில விதைகளுக்குப் போதும். தழைகளின் கீழே கதை வேறு, மேலே இருக்கும் இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை மட்டும் கீழே விடுவதால், மேலே போட்டியாளர் இருக்கிறார் என்று விதை அறிந்து அடங்கி இருக்கும். களை முளைக்கிறதே என்று அடிக்கடி கிளறிக்கொண்டே இருப்பவர் புதுப்புது விதைகளை மேலே கொண்டுவந்தபடியே இருக்கிறார். தேவைக்கு மட்டும், மேலாகக் கொத்துங்கள், கொத்திய கையோடு தழையோ வைக்கோலோ கொண்டு நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். மெல்லியதாகத் தூவிய மூடாக்கு ஈரத்தைக் காத்து களைக்கே உதவி செய்யும்.

களைக்கொல்லியில் நடக்கும் தவறுகளும் தாவரத்தின் உடலைப் புரிந்துகொள்ளாததால் வருபவைதான். பல வருடக் களையின் மேல், பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்தைத் தெளித்துவிட்டு அடுத்த நாள் இலை கருகியதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள், கிழங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வினிகரும் இதே கதைதான். உப்பு கொட்டுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், களை போய்விடும், மண்ணும் போய்விடும். உள்ளே ஊடுருவிச் செல்லும் கிளைபோசேட் மாதிரி மருந்து இலையிலிருந்து சர்க்கரை போகும் வழியிலேயே பயணம் செய்கிறது, அதனால் செடி தன் உணவை வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் சமயத்தில், போதுமான இலைகளோடு நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது அடித்தால்தான் கீழே சேரும். வறட்சியில் வாடி நிற்கும் செடியின் மேல் அடிப்பது வீண். அளவைக் கூட்டினால் சீக்கிரம் சாகும் என்பதும் தப்பு, இலை உடனே கருகிவிட்டால் மருந்தை வேருக்குச் சுமந்து போக ஆள் இல்லை. கலங்கல் நீரில் கலக்குவது இன்னொன்று, களிமண் துகள்கள் கிளைபோசேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் அதன் வீரியத்தைக் குறைக்கும்.

வருடா வருடம் ஒரே மருந்தையே அடிப்பதுதான் இவற்றில் எல்லாம் நீண்ட காலக் கேடு. கூட்டத்தில் தாக்குப்பிடிக்கும் ஓரிரு செடிகள் இருந்தால் அவை மட்டும் பிழைத்து விதை போடும், அடுத்தடுத்த தலைமுறையில் அவையே நிறைந்துவிடும். கிளைபோசேட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வராது என்று ஒரு காலத்தில் நம்பியவர்கள் உண்டு, 1996இல் ஆஸ்திரேலியாவில் ஒருவகை ரை புல்லில் அது வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது, பிறகு மற்றக் களைகளும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மருந்து அடித்த பிறகு தப்பி நிற்கும் செடிகளை நாலுதானே என்று விடாமல் கையால் பிடுங்கிவிடுங்கள்.

நீர்நிலைகளில் ஆகாயத்தாமரையைப் பார்த்ததும் மருந்து அடிக்கவும் இயந்திரத்தால் நறுக்கவும் கிளம்பிவிடுகிறார்கள். செத்த செடிகளைத் தண்ணீரிலேயே விட்டால் அவை அழுகும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன, நறுக்கிய துண்டுகளில் உயிரோடு இருப்பவை மறுபடி தளிர்க்கின்றன, அடிச் சேற்றில் கிடக்கும் விதைகள் பல வருடம் காத்திருந்து நீர் வற்றும் சமயத்தில் முளைக்கின்றன. எடுப்பதானால் கரைக்கு முழுதாக ஏற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகும் மாதா மாதம் ஓரங்களைப் பார்க்க வேண்டும். அதோடு, அங்கே அது இவ்வளவு கொழுத்து வளரக் காரணம் கழிவுநீரோடு வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான், அந்த வரத்தை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுவது முடிவில்லாத வேலை.

பூச்சியை விட்டு அழிக்கலாமே என்று கேட்பார்கள். முடியும், ஆஸ்திரேலியாவில் கோடிக்கணக்கான ஏக்கரை மூடிய சப்பாத்திக் கள்ளியை 1926இல் விடப்பட்ட கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் சில வருடங்களில் தின்று தீர்த்தன. அதே பூச்சி 1989இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டது, அங்கே அது மண்ணுக்கே உரிய கள்ளிகளுக்கு ஆபத்தாக நிற்கிறது. எந்தச் செடியைத் தின்னும், எதைத் தின்னாது என்று வருடக்கணக்கில் சோதித்த பிறகு செய்யும் வேலை அது, தனி ஆள் எங்கிருந்தோ பிடித்துவந்து விடுகிற காரியம் இல்லை.

அப்புறம் ஒன்று, எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். வெளிச்சமும் ஈரமும் உரமும் சும்மா கிடக்கும் மண்ணில் முதலில் வந்து உட்காருவது வேகமாக வளர்ந்து நிறைய விதை போடும் செடிதான், அந்தக் குணத்தால்தானே அது களையாகவே இருக்கிறது. உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் அந்த மண்ணுக்கே உரிய புல்லையும் புதரையும் அதே ஈரத்தில் நட்டுவிடுங்கள், பறவைகள் பழத்தைத் தின்று புது விதை போடும் என்பதால் முதல் இரண்டு மூன்று வருடம் நாற்றாக முளைப்பதைக் கையாலேயே பிடுங்கிவிடலாம், அந்த வயதில் அதற்கு ஆழமான வேர் இருக்காது. போகும்போது செருப்பு, உடை, மண்வெட்டி, வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் அங்கேயே உதறிக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள், நாயுருவி மாதிரி ஒட்டிக்கொள்ளும் விதைகள் அடுத்த நிலத்துக்குப் போவது பெரும்பாலும் நம்மோடுதான்.