கவசமும் ஓர் உடுப்புத்தான்: பிளாஸ்டிக் கிட் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டார் வார்ஸ் படைவீரனின் வெள்ளைக் கவசத்தை, துண்டுகளாக வரும் பிளாஸ்டிக் கிட் வாங்கி நானே கட்டினேன். அந்த முதல் கவசத்தின் நெஞ்சுத் தட்டையும் வயிற்றுத் தட்டையும் பூட்டிக்கொண்டு, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நின்றேன். பக்கத்து வீட்டு அண்ணாவியார் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வடமோடிக் கூத்துப் பழக்குகிறவர். கரப்புடுப்பும் கிரீடமும் கட்டி எத்தனையோ பேரைக் களரிக்கு அனுப்பிய கை அவருடையது. வடிவாக இருக்கிறது என்றார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இத உடுத்திட்டு இருந்து எழும்ப ஏலுமா மனே?"

கதிரையில் இருந்து பார்த்தேன். வயிற்றுத் தட்டின் கீழ் விளிம்பு தொடையில் குத்தியது. நெஞ்சுத் தட்டு மேலே ஏறித் தொண்டையில் முட்டியது. எழும்பும்போது இடப்பக்கம் ஒட்டியிருந்த இடம் 'டக்' என்று விட்டுப்போனது.

அந்த ஒரு கேள்வியை முதல் நாளே என்னை நானே கேட்டிருந்தால் பாதித் தவறுகள் நடந்திருக்காது. கிட் வாங்குகிற பலரும் அதை விளையாட்டு விமானம் ஒட்டுவதுபோல ஒட்டத் தொடங்குகிறார்கள். துண்டும் துண்டும் பொருந்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கவசம் அலமாரியில் நிற்கிற சாமான் அல்ல. வியர்க்கிற, குனிகிற, ஓட்டோவில் ஏறி இறங்குகிற ஒரு உடம்பின் மேல் நிற்கிற உடுப்பு. துண்டு துண்டோடு பொருந்துவதற்கு முன் உடம்போடு பொருந்த வேண்டும்.

நான் சொல்வது 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் வெள்ளைக் கவசப் படைவீரன் உடுப்பைப் பற்றி. இந்த வகைக் கிட் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பல தவறுகளின் காரணம் தானாகவே புரியும். ஏ.பி.எஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் விரித்து, கீழிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். தகடு அச்சோடு ஒட்டிப் படிந்து அதன் வடிவத்தை எடுத்துவிடும். ஆழமான மூலைகளுக்குள் இழுபடும்போது அந்த இடம் மெலிந்துபோகும். அதனால் ஒரே துண்டில் ஓரிடம் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பாகவும் இன்னோரிடம் அதில் பாதியாகவும் இருக்கலாம். பெட்டிக்குள் வருவது இப்படி அச்சிலிருந்து எடுத்த, ஓரம் வெட்டாத துண்டுகள். தொடை, கணைக்கால், முன்கை எல்லாம் இரண்டிரண்டு பாதிகளாக இருக்கும். பல கிட்களில் இடம் வலம்கூட எழுதியிருக்காது.

எனவே பெட்டியைத் திறந்தவுடன் கத்தியை எடுக்க வேண்டாம். எல்லாத் துண்டுகளையும் தரையில் மனித உருவமாகப் பரப்பி, படம் எடுத்து, உட்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி 'வலத் தொடை முன்', 'இட முன்கை பின்' என்று எழுதுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். இதைச் செய்யாமல் வலக் கணைக்காலின் முன் பாதியை இடதின் பின் பாதியோடு ஒட்டிவிட்டுப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது வெட்டுதல். கிட்டின் அளவு பெரும்பாலும் ஆறடியை நெருங்கிய உடம்புக்கானது. நம்மில் பலருக்குத் தொடைத் துண்டு நீளமாக இருக்கும். முன்கைத் துண்டு முழங்கை மடிப்பில் இடிக்கும். அதற்காக முதல் வெட்டிலேயே 'என் அளவு இதுதான்' என்று குறைத்துவிடக் கூடாது. ஓரத்தில் உள்ள கழிவை மட்டும் முதலில் எடுங்கள். பிறகு பாதிகளை மாஸ்கிங் டேப்பால் சேர்த்து, உள்ளே போடப்போகும் அதே கறுப்பு உடுப்பையும் அதே சப்பாத்தையும் போட்டுக்கொண்டு அணிந்து பாருங்கள். சாரத்தோடு அளந்து வெட்டிய தொடைத் துண்டு, கறுப்பு நீளக்காற்சட்டை போட்டதும் ஏறவே ஏறாது. இருங்கள், எழும்புங்கள், படி ஏறுங்கள், குனிந்து கீழே கிடக்கும் சாவியை எடுங்கள். எங்கே கடிக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீற்றர் மட்டும் எடுங்கள். முழங்காலின் பின்பக்கமும் அக்குளும்தான் அதிகம் கடிக்கும் இடங்கள்.

கத்தியால் ஒரே அழுத்தில் தகட்டை ஊடறுக்கப் பார்ப்பது ஆபத்து. கட்டர் கத்தியால் கோட்டின் மேல் மெதுவாக இரண்டு மூன்று தடவை கீறிவிட்டு வளைத்தால் ஏ.பி.எஸ் கீறல் வழியே அழகாக முறியும். வளைவான இடங்களுக்கு வளைந்த கத்தரிக்கோல் நல்லது. சுழலும் சிறு மின்கருவி வைத்திருப்பவர்கள் அதை வேகமாக ஓடவிடுவார்கள். பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகிப் பற்களில் அப்பிக்கொள்ளும். கருவி வழுக்கி முகப்பில் கோடு போட்டுவிடும். வேகத்தைக் குறைத்து, ஓரத்தைச் செப்பனிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தூசு மூக்குக்குள் போகாமல் முகக்கவசம் கட்டுங்கள், கண்ணாடியும் போடுங்கள்.

இப்போது ஒட்டுதல். மனம் நொந்துபோகும் பெரும்பாலான சேதங்கள் இங்கேதான் நடக்கின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் சின்னக் குழாயில் வரும் சுப்பர் குளூ எல்லோர் கைக்கும் எட்டும். கவசத்தின் முக்கிய மூட்டுகளுக்கு அது ஆகாது. காய்ந்தபின் கண்ணாடிபோல இறுகி நிற்கும், வளைந்துகொடுக்காது. ஏ.பி.எஸ் வளையும், பசை வளையாது, நடுவில் மூட்டு உடையும். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று எப்போதும் ஈரக்காற்று வீசும் எங்கள் ஊரில் அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். சுற்றிவர வெண்புகைபோல ஒரு படலமும் படியும். பளபளப்பான வெள்ளைத் தகட்டில் அந்தப் படலம் அசிங்கமாகத் தெரியும். கோணலாகப் பிடித்துவிட்டால் திருத்தவும் நேரம் இருக்காது.

ஈ-6000 போன்ற, றப்பர்போல இழுபடும் பசைதான் ஏற்றது. இழுபடும், தேவைப்பட்டால் பொறுமையாக உரித்தும் எடுக்கலாம். ஆனால் முழுப் பலம் பிடிக்க 24 மணியிலிருந்து 72 மணி நேரம் வேண்டும். மாலையில் ஒட்டி அடுத்த நாள் காலையில் கிளிப்பைக் கழற்றுவதுதான் இந்தப் பசையில் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்று நாள் கிடக்கட்டும். மாரி காலத்தில் நான் இன்னொரு நாளும் விட்டுவைப்பேன். மரவேலைக் கிளிப்புகளும் பலமான சிறு காந்தங்களும் நிறைய வேண்டும். அந்தப் பசையின் வழக்கமான வகையில் பேர்குளோரோஎதிலீன் என்ற கரைப்பான் இருக்கிறது. யன்னல் பூட்டிய அறைக்குள், பிள்ளைகள் படுக்கிற இடத்தில் அதைத் திறக்கவே கூடாது.

பாதிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டாமல், விளிம்பும் விளிம்பும் தொட்டு நிற்கும்படி வைத்து, மூட்டின் மேல் வெளியே ஓர் ஏ.பி.எஸ் பட்டி ஒட்டுவதுதான் படத்தில் உள்ள முறை. உள்ளேயும் ஒரு பட்டி ஒட்டலாம். அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய 501ஆவது லீஜன் என்ற ரசிகர் அமைப்பு இப்படிப்பட்ட விபரங்களில் கண்டிப்பானது. கைகளுக்கு 15 மில்லிமீற்றர், கால்களின் முன்பக்கத்துக்கு 20 மில்லிமீற்றர் என்பது கட்டுவோர் வழக்கமாகப் பின்பற்றும் பட்டி அகலம். கணைக்காலின் பின்பக்கத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பாதம் நுழைய அது திறக்க வேண்டும், அங்கே வெல்க்ரோதான். இரு பக்கமும் ஒட்டிவிட்டு, காலை எப்படி நுழைப்பது என்று யோசித்தவர்கள் பலர்.

இரண்டு பாதிகளும் தாமாகச் சந்திக்காமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றால், கிளிப்பால் நெரித்து ஒட்டாதீர்கள். அந்த இழுவை பசைக்குள் அப்படியே இருக்கும். ஒரு நாள், அநேகமாக நாலு பேர் முன்னால், மூட்டு திறக்கும். முதலில் துண்டின் வளைவை மாற்றுங்கள். அகலமான சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, மாற்ற வேண்டிய பகுதியைச் சில விநாடி அமிழ்த்தி எடுத்து, கையுறை போட்ட கையால் வளைத்துப் பிடித்தபடி பச்சைத் தண்ணீரில் நனையுங்கள். ஏ.பி.எஸ் ஏறத்தாழ 105 பாகை செல்சியசில்தான் முழுதாக இளகும். கொதிநீர் அதற்குச் சற்றுக் கீழே நிற்பதால் வளையும், ஆனால் உருக்குலையாது. வெப்பக்காற்றுத் துப்பாக்கி அந்த எல்லையை ஒரு நொடியில் தாண்டிவிடும். மெலிந்த மூலைகள் முதலில் சுருங்கும். சுருங்கியது பழையபடி வராது.

வெப்பம் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மேலே பாரம் வைக்காதீர்கள். பூட்டிய காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைக்கவே வேண்டாம். வெயில் நேரே படுவதும் கெடுதி. ஏ.பி.எஸ்ஸில் உள்ள பியூட்டாடையீன் என்ற றப்பர்ப் பகுதிதான் அதற்கு உறுதி தருகிறது. புற ஊதாக் கதிர் அதைத்தான் தாக்குகிறது. வெள்ளை மஞ்சளாகும், பிறகு நொறுங்கும்.

நிறம் தீட்டுவதில் ஒரு தவறுதான் பெரியது. வெள்ளை ஏ.பி.எஸ்ஸுக்கு மேல் வெள்ளைப் பெயின்ற் அடிக்கத் தேவையில்லை. தகட்டின் பளபளப்பே போதும். அடித்தால் மூட்டு வளையுமிடங்களில் உரியும். தலைக்கவசத்தின் சாம்பல், கறுப்பு, நீலக் கோடுகளுக்கு எனாமல் பெயின்ற் நல்லது. பிசகினால் ரேபந்தைன் தொட்ட துணியால் துடைக்கலாம். தின்னரைத் தொடவே வேண்டாம்; அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். நகச்சாயம் நீக்கும் அசிற்றோனும் அப்படித்தான். அதே குணத்தை நன்மைக்கும் பயன்படுத்தலாம். வெட்டிப்போட்ட கழிவுத் துண்டுகளை அசிற்றோனில் ஓர் இரவு ஊறவிட்டால் களியாகும். வெடிப்பையும் இடைவெளியையும் அதால் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டுத் தேய்த்தால் மூட்டே தெரியாது. மெலிந்த இடத்தில் அதிகம் பூசினால் அடித்தகடும் இளகி நெளியும்.

தலைக்கவசத்தின் கண்ணுக்குப் பச்சை நிறத் தகடு வேண்டும். மின் வெல்டிங் கடையில் கிடைக்கும் கண்ணாடியை வாங்கி வெட்டிப் போட்டவர்கள், நல்ல வெளிச்சத்திலும் படியைக் காணாமல் விழுந்திருக்கிறார்கள். அது மின்பொறியைப் பார்ப்பதற்கான இருட்டு. மெல்லிய, ஒளி ஊடுருவும் தகடே போதும். மூச்சின் ஈரத்தால் கண் மங்காமல் இருக்க உள்ளே இரண்டு சின்ன மின்விசிறிகளும், இடுப்பில் ஒரு பவர் பேங்கும் வையுங்கள். எங்கள் வெக்கையில் இது அலங்காரம் அல்ல. அப்படி வைத்தாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றி, தண்ணீரோ இளநீரோ குடிக்க வேண்டும். தலை சுற்றுகிறது, வியர்வை நின்றுவிட்டது என்றால் உடனே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதற்காகவே பூட்டுகள் ஒரு நிமிடத்தில் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். நைலோன் பட்டி, இலாஸ்டிக், அழுத்துப் பொத்தான், இவைதான் கழற்றிப் பூட்ட நல்லது. பொத்தான் பித்தளையாக இருக்கட்டும். மலிவான இரும்புப் பொத்தானுக்குக் கடற்காற்று ஒரு மாரியே போதும். துரு கறுப்பு உடுப்பிலும் வெள்ளைத் தகட்டிலும் இறங்கும்.

வீட்டைவிட்டு வெளியே போவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில கிட்களோடு விளையாட்டுத் துப்பாக்கியும் வரும். அதைத் தூக்கிக்கொண்டு, முகம் மூடியபடி, கல்லடிப் பாலத்தில் படம் எடுக்கலாம் என்று ஆசை வரும். செய்யாதீர்கள். சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். 2019 ஏப்ரல் 21 காலையில் இங்குள்ள சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலை ஒருவரும் மறக்கவில்லை. அதன் பிறகு அந்த மாதக் கடைசியிலேயே முகம் மூடுவதற்கு நாடு முழுவதும் அவசரகாலத் தடை வந்தது. சீருடையும் துப்பாக்கியும் முகமில்லாத தலையும் ஒன்றாகத் தெருவில் வந்தால் ஒரு தாய்க்கு என்ன நினைவு வரும் என்பதை நாங்கள் யோசிக்க வேண்டும். துப்பாக்கியைப் பெட்டியில் விட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். நிகழ்ச்சி நடக்கும் வளவுக்குள் போனபின், பொறுப்பானவர்களிடம் சொல்லிவிட்டு அணியுங்கள். பிள்ளைகள் முதலில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் பிறகு தலைக்கவசத்துக்குப் பயப்பட மாட்டார்கள்.

கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் போன்ற நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள், இரவு ரயிலில் கவசத்தைக் கட்டிக் கொண்டுபோகும்போது சின்னத் துண்டைப் பெரிய துண்டுக்குள் வைத்து, இடையில் பழைய சீலைத் துணியைச் செருகுங்கள். பசை, மிச்சமான பட்டி, நாலு அழுத்துப் பொத்தான், கறுப்பு டேப், இவை தனிப் பையில் இருக்கட்டும்.

அணிவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சப்பாத்தும் கணைக்காலும் முதலில், பிறகு தொடை, பிறகு நெஞ்சும் முதுகும், பிறகு கைகள், இடுப்புப்பட்டி, கடைசியில் தலை. நெஞ்சுத் தட்டைப் பூட்டியபின் உங்களால் குனிந்து கணைக்காலைப் பூட்ட முடியாது. முதுகுப் பொத்தானைத் தனியே பூட்டவும் முடியாது. கூத்தரை உடுத்தி விடுவதற்கு ஆள் இருப்பதுபோல உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். எனக்கு என் தம்பி பூட்டிவிடுவான். இரண்டாவது கவசம் முடிந்த அன்று அவன் பூட்டிவிட, நான் அண்ணாவியார் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தேன், எழும்பினேன், இன்னொரு முறை இருந்தேன். அவர் முதுகுத் தட்டுக்கும் இடுப்புக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, இடப்பக்கத்து இலாஸ்டிக்கை அரை அங்குலம் இறுக்கச் சொன்னார்.