போஸ்ட்-பங்க், காத்திக் ராக்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

எழுபதுகளின் கடைசியில் பங்க் ராக்கைத் தொடர்ந்து பிரிட்டனில் வளர்ந்தது போஸ்ட்-பங்க், அதன் இருட்டான கிளைதான் காத்திக் ராக். கருப்பு உடை, கண்மை, கல்லறைப் படம் என்று ஆல்பம் அட்டையைப் பார்த்துத் தேடினால் இந்த இசை பிடிபடாது. தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள், வழி தெரியும். நல்ல ஹெட்போன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் பேஸ் பாதி காணாமல் போய்விடும்.

1. இங்கிலாந்துக் குழுவான ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளஷர்ஸ்' (1979) ஆல்பத்தில் தொடங்குங்கள். முதல் தடவை பாடகரை விட்டுவிட்டு பீட்டர் ஹுக்கின் பேஸை மட்டும் கவனியுங்கள். மற்ற ராக் குழுக்களில் அடியில் கிடக்கும் பேஸ், இங்கே மேல் ஸ்தாயியில் மெட்டையே வாசிக்கும். கிட்டார் அங்கங்கே கீறிவிட்டுப் போகும். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸைத் தனியாகப் பிரித்து எதிரொலி சேர்த்ததால், ஆளில்லாத கட்டடத்தில் யாரோ தட்டுவதுபோல் இருக்கும். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்தார். அந்தக் கதையை அப்புறம் படிக்கலாம். கதைக்காகப் பாட்டைக் கேட்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2. அடுத்து, நார்தாம்டன் நகரத்துக் குழுவான பவ்ஹவுஸ். அதே 1979இல் வந்த 'பெலா லுகோசிஸ் டெட்' ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடகர் வாய் திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், ஓட்டிவிடாதீர்கள். ஜமைக்காவின் டப் இசையிலிருந்து (ரெகே பாட்டைப் பிரித்து மாற்றிக் கலக்கும் பாணி) வந்த எதிரொலியும் இடைவெளியும்தான் அதன் பயமே. காத்திக் ராக் பிறந்த பாட்டு என்று பலர் சொல்வது இதைத்தான்.

3. இப்போது த கியூர். 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' பாடிய அதே குழுதான்! 'செவன்டீன் செகண்ட்ஸ்' (1980), 'ஃபெய்த்' (1981), 'போர்னோகிராஃபி' (1982) என்ற வரிசையிலேயே கேளுங்கள். ஒவ்வொன்றிலும் இருட்டு கூடும். மூன்றாவதை முதலில் எடுத்தால் மூச்சுமுட்டும். கிட்டார் பிரியர்கள் கூடவே சூக்ஸி அண்ட் த பான்ஷீஸின் 'ஜூஜூ'வையும் (1981) கேட்டுவிடுங்கள். அதில் ஜான் மெக்கியோ வாசித்திருப்பது தனி ரகம்.

4. இனி நீங்களே தேடலாம். ஆப் பரிந்துரைப்பதை நம்பி உட்கார்ந்தால் அதே பத்துப் பாட்டுதான் சுற்றும். பிடித்த ஆல்பத்தின் லேபிள் (அதை வெளியிட்ட நிறுவனம்) எது, தயாரிப்பாளர் யார் என்று பாருங்கள். பவ்ஹவுஸின் முதல் ஆல்பம் 1980இல் 4ஏடி என்ற லேபிளில் வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துப் போனால் ஸ்காட்லாந்தின் கொக்டோ ட்வின்ஸ் வருவார்கள் ('கார்லண்ட்ஸ்', 1982), ஹாம்பர்க்கின் எக்ஸ்மால் டாய்ச்லாண்ட் வருவார்கள்.

5. லீட்ஸ் நகரின் த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவில் டிரம்மர் கிடையாது, டிரம் மெஷின்தான். அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் அண்ட் ஆல்வேஸ்' (1985) கேளுங்கள். பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சுக்குத் தன்னைக் 'காத்' (காத்திக் ராக்காரர்) என்று சொன்னாலே பிடிக்காது. நாம் சொல்லிக்கொண்டுதான் இருப்போம்.

6. இது எண்பதுகளோடு முடிந்துபோன இசை இல்லை. பெலாரூஸின் மோல்சாத் டோமா ரஷ்ய மொழியில் பாடிய 'எதாஷி' (2018), துருக்கியின் ஷீ பாஸ்ட் அவே துருக்கிய மொழியில் பாடிய 'பெலிர்தி கெஜே' (2012) இரண்டையும் வரி புரியாமலேயே கேட்கலாம். பேஸ் முன்னால் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.