கிராம சபையில் பேசியது தீர்மானமாகப் பதிவாக வேண்டுமா? இப்படிச் செய்யுங்கள்

எங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு கிராம சபைகளில் எழுந்து பேசினேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால், தொட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது கூட்டத்தில்தான் தீர்மானம் பதிவானது. அந்த வழியை எழுதுகிறேன்.

படி 1: கூட்டத்துக்கு முன்பே மனு கொடுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. இரண்டு நகல்கள் எடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் நம்புவதில்லை; முத்திரை பதிந்த தாளை யாராலும் மறுக்க முடியாது.

படி 2: ஆட்களைத் திரட்டுங்கள். தமிழ்நாட்டில், ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்தக் குறைவெண் வரம்பு எட்டாவிட்டால் கூட்டம் செல்லாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் உறுப்பினர்கள்தான். இதை அரசமைப்புச் சட்டமே சொல்கிறது.

படி 3: நான் இரண்டு முறை கோட்டைவிட்டது இங்கேதான். உள்ளே நுழைந்ததும் நோட்டை நீட்டுவார்கள், நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவோம். மூன்றாவது முறை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மேலே தலைப்பு இல்லை, தீர்மானம் இல்லை. வெற்றுக் கோடுகளுக்குக் கீழே நாற்பது கையெழுத்துகள். கூட்டம் முடிந்த பிறகு அங்கே எதை எழுதினாலும் அது நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே, வருகைப் பதிவேட்டில் மட்டும் முதலில் கையெழுத்திடுங்கள். உங்கள் தீர்மானத்தை எழுதி, சபையில் உரக்க வாசித்த பிறகே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுங்கள். ஊராட்சிச் செயலர் தயங்கினால், கூட்டத்தைக் கண்காணிக்க வந்திருக்கும் அரசு அலுவலரான பற்றாளரிடம் சபையின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். சண்டை வேண்டாம், "வாசித்துக் காட்டுங்கள், போடுகிறோம்" என்று பத்துப் பேர் சொன்னால் போதும். எங்கள் ஊரில் முதலில் அப்படிச் சொன்னவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்.

படி 4: தீர்மான நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதிக் கூட்டத்தின் தீர்மான நகல் தேவை" என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பிற்சேர்க்கை: "எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லை, சபை உண்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. தமிழ்நாட்டில் 2019இல் ஊராட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் கணக்குக் கேட்க மிஞ்சியிருக்கும் ஒரே அவை கிராம சபைதான், கட்டாயம் போங்கள். நகரவாசிகளுக்குப் பகுதி சபை இருக்கிறது. அங்கும் படி 3 அப்படியே பொருந்தும்.