பேஸ்பால் பன்முக ஆட்டக்காரரின் ஆட்டப் பதிவைப் படிப்பது எப்படி?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அணி விட்டு அணி மாறிக்கொண்டே இருக்கும், களத்தில் பல இடங்களில் ஆடக்கூடிய பன்முக ஆட்டக்காரரை எடைபோட விரும்புவோர், அவர் களத்தில் எந்தெந்த இடங்களில் ஆடினார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஸ்கோர் அட்டையில் 4 இரண்டாம் பேஸையும், 5 மூன்றாம் பேஸையும், 6 ஷார்ட்ஸ்டாப்பையும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடைப்பட்ட இடம்) குறிக்கும். இவற்றுள் 6 இருந்தால் அவர் மதிப்பு கூடும், ஏனெனில் அந்தக் கடினமான இடத்தில் தாக்குப்பிடிப்பவரை மற்ற இடங்களுக்கு மாற்றுவது எளிது.

அடுத்து, 26 பேர் கொண்ட அணியிலிருந்து கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகுக்கு எத்தனை முறை அனுப்பப்பட்டார் என்று கவனியுங்கள். அவ்வாறு தடையின்றி அனுப்பும் உரிமை பொதுவாக 3 பருவங்களுக்கே உண்டு. அது தீர்ந்தபின், மற்ற அணிகள் அவரைக் கேட்டுப் பெற வாய்ப்பளித்த பிறகே அனுப்ப முடியும் என்பதும் இத்தகையோர் அடிக்கடி அணி மாற ஒரு காரணம்.

இப்பணியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று: பன்முக ஆட்டக்காரரான பென் ஸோப்ரிஸ்ட், மேஜர் லீகின் இறுதிச் சுற்றான உலகத் தொடரில் 2016-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.